குழியில் ஒரு விலை, கடையில் ஒரு விலை: மோதல் கனிமங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் வழியில் தேவாலா. இந்த வட்டாரத்துப் பாறைக்குள் தங்கம் ஓடுகிறது என்பது இங்கே பிறந்த யாருக்கும் புதிய செய்தி இல்லை. வெள்ளைக்காரர்கள் குடைந்து கைவிட்ட சுரங்கங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையில் புதர் மண்டிக் கிடக்கின்றன. உளி, சுத்தியல், டார்ச் லைட்டோடு அவற்றுக்குள் இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிடிபட்டால் வழக்கு. மண் சரிந்தோ, உள்ளே காற்றில்லாமல் மூச்சு முட்டியோ இறந்துபோனால் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி.

ஏறக்குறைய இதே கருவிகளோடு இதே வேலையை ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் லட்சக்கணக்கான பேர் செய்கிறார்கள். அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் பல குழிகளின் வாசலில், அல்லது குழியிலிருந்து ஊருக்குப் போகும் பாதையில், துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான். அவனுக்குப் பங்கு கொடுக்காமல் ஒரு மூட்டைகூட வெளியே போகாது. அந்தப் பங்கு துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போகிறது. அப்படிப் போகும் கனிமத்தைத்தான் உலகம் ‘மோதல் கனிமம்’ என்கிறது.

இந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்படிக் கேட்டதும் பலருக்கு வரும் முதல் யோசனை, “அப்படியானால் அந்தச் சுரங்கங்களை மூடிவிட வேண்டியதுதானே?” என்பது. நீலகிரியில் வாழ்கிறவன் என்ற முறையில் அந்த யோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல, விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்

கைமுறைச் சுரங்கம் என்பது வேலை செய்யும் விதத்தைக் குறிப்பது. பெரிய எந்திரம் இல்லாமல், தனி ஆளாகவோ குடும்பமாகவோ பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ கடப்பாரை, மண்வெட்டி, சட்டி வைத்துத் தோண்டி, அலசி, கிடைத்ததை விற்பது. உலக வங்கி 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 80 நாடுகளில் நாலரைக் கோடிப் பேர் இப்படிப் பிழைக்கிறார்கள். பெரிய நிறுவனச் சுரங்கங்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களைவிட இது பல மடங்கு அதிகம். கானா, தான்சானியா, பெரு, பிலிப்பைன்ஸ் என்று போரே நடக்காத எத்தனையோ ஊர்களிலும் இது சாதாரணப் பிழைப்பு.

மோதல் கனிமம் என்பது பணம் போய்ச் சேரும் இடத்தைக் குறிப்பது. தேவாலாவில் தோண்டப்படுவது கைமுறைச் சுரங்கம்தான், ஆனால் மோதல் கனிமம் இல்லை. கிழக்குக் காங்கோவிலும் எல்லாக் குழிகளிலும் ஆயுதக் குழு இல்லை. ஒரே மலையின் இந்தச் சரிவில் சாதாரணக் கூட்டுறவுச் சங்கம் தோண்டும், அடுத்த சரிவு ஒரு தளபதியின் பிடியில் இருக்கும். இந்த மாதம் ஒரு கையிலும் அடுத்த மாதம் வேறு கையிலும் இருக்கும். மண்ணைப் பார்த்து இது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. தொல்லையின் வேர் அங்கேதான்.

சட்டங்களில் மோதல் கனிமம் என்று சொல்லப்படுபவை நான்கு: தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம். நான்கும் நம் சட்டைப் பையில் இருக்கின்றன. செல்போனின் சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் சால்டரில் தகரம். போன் அதிர்கிறதே, அந்தக் குட்டி மோட்டாரில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் எடையில் டங்ஸ்டன். சிம் கார்டின் பளபளக்கும் முகத்திலும் கனெக்டர்களிலும் தங்க முலாம்.

டான்டலம்தான் பலர் கேள்விப்படாதது. அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. கூடலூர் பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர், பழைய லேப்டாப் போர்டு ஒன்றைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். கறுப்புச் சில்லுகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் செவ்வகக் கட்டிகள். நீளம் மூன்று, நாலு மில்லிமீட்டர் இருக்கும். ஒரு முனையில் மட்டும் ஒரு கோடு. “கோடு இருக்கிற பக்கம் பாசிட்டிவ் அண்ணா, மாற்றி வைத்தால் வெடிக்கும்” என்றார். டான்டலம் கெபாசிட்டர் அது. உள்ளே டான்டலப் பொடியை அழுத்திச் செய்த ஒரு துண்டு. அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம். இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கிற, சூட்டையும் தாங்குகிற பொருள் அதிகம் கிடையாது. அதனால்தான் போன், லேப்டாப், கார், மருத்துவக் கருவி, விமானம் என்று எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

அந்த மஞ்சள் கட்டியின் உள்ளே இருக்கும் உலோகம் கோல்டான் என்ற கறுப்புத் தாதுவிலிருந்து வருகிறது. கையில் எடுத்தால் கனக்கும். கனமாக இருப்பதால்தான் எந்திரம் இல்லாமலும் அதைப் பிரிக்க முடிகிறது. மலைச்சரிவை வெட்டி, வாய்க்காலில் தண்ணீர் விட்டு மண்ணைக் கிளறினால் லேசான மண் ஓடிவிடும், கறுப்பு மணல் அடியில் தங்கும். மண்வெட்டியும் ஓடைத் தண்ணீரும் போதும். எளிதாக எடுக்கலாம், மூட்டையாகச் சுமக்கலாம், நல்ல விலைக்கு விற்கலாம். ஆயுதக் குழுவுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்குமா?

காங்கோவில் ஏன்?

1994இல் ருவாண்டா இனப்படுகொலை. அதன் பின் லட்சக்கணக்கான அகதிகளும் அவர்களோடு கொலைகாரர்களும் எல்லை தாண்டிக் கிழக்குக் காங்கோவுக்குள் வந்தார்கள். 1996-97இல் ஒரு போர், 1998 முதல் 2003 வரை இன்னொரு போர். அண்டை நாட்டுப் படைகள் பல உள்ளே இறங்கின. பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள் சண்டையில் இறந்தவர்களைவிட மிக அதிகம். இதற்கிடையில் 2000ஆம் ஆண்டு வாக்கில் உலகச் சந்தையில் டான்டலத்தின் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. செல்போனும் வீடியோ கேம் கருவியும் வேகமாக விற்ற காலம். வயலை விட்டுவிட்டு மலை ஏறியவர்கள் ஏராளம். மறு ஆண்டே விலை விழுந்தது. மலையைப் பிடித்தவர்கள் மட்டும் விடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கனிமத்தால்தான் போர் என்று சொல்வது பாதி உண்மை. நிலச்சண்டை, இனப்பகை, அண்டை நாடுகளின் அரசியல், சம்பளம் ஒழுங்காகப் போகாத அரசு ராணுவம் என்று வேர்கள் பல. கனிமம் போரைத் தொடங்கி வைத்தது என்பதைவிட, போர் ஓயாமல் நடப்பதற்குப் பணம் கொடுக்கிறது என்பதே சரி. அரசுப் படையின் சில பிரிவுகளே சுரங்கங்களில் பங்கு வாங்கியதையும் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன.

பணம் எப்படி வருகிறது? பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. குழிக்குள் இறங்க ஒரு கட்டணம். எடுத்த தாதுவில் ஒரு பங்கு. மூட்டை வெளியே வரும் பாதையில் ஒரு கயிற்றைக் கட்டி, கடக்கும் ஒவ்வொருவரிடமும் வசூல். சில இடங்களில் ஊர் மக்களைக் கூலியில்லாமல் தோண்டவைப்பது. வடக்கு கிவு மாகாணத்தில் ருபாயா என்ற மலையூர் இருக்கிறது. உலக டான்டலத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அங்கிருந்து வருவதாகக் கணக்கு. 2024 ஏப்ரலில் எம்23 என்ற ஆயுதக் குழு அதைப் பிடித்தது. கோல்டான் மீது போட்ட வரியால் மட்டும் அந்தக் குழுவுக்கு மாதம் 8 லட்சம் டாலர் வருவதாக ஐ.நா. நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். 2025 ஜனவரியில் அதே குழு கோமா நகரத்தையும், பிப்ரவரியில் புகாவு நகரத்தையும் பிடித்தது. எம்23க்கு ருவாண்டா துணை நிற்பதாக ஐ.நா. நிபுணர்கள் சொல்கிறார்கள். ருவாண்டா அதை மறுக்கிறது.

உடம்பு கொடுக்கும் விலை

கைமுறைச் சுரங்கத்தில் துப்பாக்கியால் இறப்பவர்களைவிட மண்ணால் இறப்பவர்களைப் பற்றி நாம் குறைவாகவே கேள்விப்படுகிறோம். நீலகிரிக்காரர்களுக்கு மழையில் நனைந்த சரிவு என்னவென்று தெரியும். ஜூன், ஜூலையில் தேவாலாவில் நாள்கணக்கில் பெய்து, ரோடு மேல் மண் வந்து விழுவதைப் பார்த்தவர்கள் நாம். கம்பும் பலகையும் கொடுக்காமல் சரிவைக் குடைந்து, அந்த ஓட்டைக்குள் இருபது பேர் இருக்கும்போது அப்படி மழை பெய்தால்? 2020 செப்டம்பரில் தெற்கு கிவுவில் கமிடூகா தங்கச் சுரங்கத்தில் அதுதான் நடந்தது. கனமழையில் வெள்ளம் குழிக்குள் இறங்கி ஐம்பது பேர் வரை இறந்ததாகச் செய்தி வந்தது. 2019 ஜூனில் கோல்வேசியில் ஒரு பெரிய நிறுவனத்தின் சுரங்க எல்லைக்குள் புகுந்து தோண்டியவர்கள் மேல் மண் சரிந்து, குறைந்தது 43 பேர் இறந்தார்கள்.

கோல்வேசி வேறு கதை, ஆனாலும் ஒட்டிய கதை. அது காங்கோவின் தெற்கே, கோபால்ட் கிடைக்கும் பகுதி. செல்போன், மின்சார வாகன பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் உலக உற்பத்தியின் பெரும்பகுதி காங்கோவிலிருந்துதான். அங்கே ஆயுதக் குழுக்கள் சுரங்கத்தைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அதனால் கோபால்ட் மோதல் கனிமச் சட்டங்களில் வராது. ஆனால் அங்கே குழந்தைகள் வேலை செய்கிறார்கள். ஆம்னஸ்டி அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கையில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை மூட்டை சுமந்தும் கல் பொறுக்கியும் ஒன்று, இரண்டு டாலர் சம்பாதித்த சிறுவர்களின் நிலை பதிவாகியிருக்கிறது. கனிமம் மோதல் பட்டியலில் இல்லை என்பதால் அது சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகம் முழுக்கச் சுரங்க வேலையில் பத்து லட்சம் குழந்தைகள் இருக்கலாம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு.

பெண்கள் குழிக்குள் இறங்குவது குறைவு. கல்லை உடைப்பது, அலசுவது, மூட்டை சுமப்பது, சோறு விற்பது அவர்கள் வேலை. கூலி குறைவு, ஆபத்து அதிகம். ஆயுதக் குழுக்கள் ஒரு மலையைப் பிடிக்கும்போது ஊரை அடக்கப் பெண்கள் மேல் பாலியல் வன்முறையை ஏவுகின்றன. புகாவு நகரத்தில் 1999இல் பான்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் டெனிஸ் முக்வேகே இப்படிச் சிதைக்கப்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் அறுவைச் சிகிச்சை செய்தவர். 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் ஈராக்கின் யாசிதிச் சிறுபான்மையைச் சேர்ந்த நாடியா முராத் என்ற பெண்ணுக்கும் கிடைத்தது. அந்தப் பெண்களின் காயத்துக்கும் நம் கையிலிருக்கும் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை உலக மேடைகளில் ஓயாமல் சொல்லிவருகிறவர் அவர்.

தூசியையும் விட்டுவிட முடியாது. பாறையை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி மெதுவாகக் கொல்லும். கோலார் தங்கவயலுக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் இந்த இருமலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அது முறையான சுரங்கம், ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கேயே அப்படியென்றால், முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு உளி அடிக்கிறவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகப் பாதரசம். தங்கம் எடுக்கும் இடத்தில் இது தனிக் கொடுமை. பொடித்த பாறையில் பாதரசத்தைக் கலந்து பிசைந்தால் அது தங்கத்துணுக்குகளை மட்டும் பிடித்துக்கொள்ளும். துணியில் போட்டுப் பிழிந்தால் வெள்ளி நிறத்தில் ஓர் உருண்டை மிஞ்சும். அதை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் நிற்கும். பாதரசம் எங்கே போனது? பக்கத்தில் இருந்தவரின் நுரையீரலுக்குள், கூரைக்கு, ஓடைக்கு, மீனுக்குள். பல இடங்களில் இதைச் சமையல் அடுப்பிலேயே செய்கிறார்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்கும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், கருவில் இருக்கும் குழந்தையையும் விடாது. மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. தேவாலாப் பக்கமும் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுகிறது. ஓடைகள் கீழே போய்ச் சேரும் இடத்தில் ஊர்கள் இருக்கின்றன.

பாதரசம் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டு மலைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் நியாயம் கேட்டுப் போராடி ஓர் உடன்பாட்டை எட்ட 2016 வரை ஆனது. கூரையும் கேட்டும் உள்ள, பெயர்ப் பலகை வைத்த, வருகைப் பதிவேடு இருந்த தொழிற்சாலையிலேயே 15 ஆண்டுகள். புதருக்குள் இருக்கும் குழியில் வேலை செய்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

விலை எங்கே போகிறது

நம் மலையில் சிறு தேயிலை விவசாயி பச்சைத் தேயிலையைக் கிள்ளி மூட்டை கட்டி ரோட்டோரம் வைக்கிறார். ஏஜென்ட் வந்து எடை போட்டு எடுத்துப் போகிறார். கிலோவுக்கு என்ன விலை என்பதைக் குன்னூர் ஏலமும் ஃபேக்டரியும் தீர்மானிக்கும். இலை இரண்டு நாள் நின்றால் கருகிவிடும் என்பதால் விவசாயிக்குப் பேரம் பேச நேரமில்லை. காங்கோவில் தோண்டுகிறவரின் நிலையும் இதுதான், இதைவிட இறுக்கமானது. இங்கே காத்திருக்காதது இலை, அங்கே வயிறு. கருவிக்கும் சோற்றுக்கும் முன்பணம் வாங்கியிருப்பார், அந்தக் கடனைக் கொடுத்தவருக்கே தாதுவை விற்க வேண்டும், தரம் எவ்வளவு என்பதையும் வாங்குகிறவரே சொல்வார்.

குழி முதலாளி, அவரிடமிருந்து சிறு வியாபாரி, நகரத்தில் ஏற்றுமதிக் கிடங்கு, எல்லை, கப்பல், உருக்காலை, பாகம் செய்யும் நிறுவனம், போன் நிறுவனம், கடை, நாம். இந்த நீளமான சங்கிலியில் ஓரிடம் முக்கியம்: உருக்காலை. அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான குழிகள், அதற்குப் பின்னால் கோடிக்கணக்கான பொருள்கள். நடுவே உலகத்தில் சில நூறு உருக்காலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும்தான். பத்து மலைகளின் மண் அங்கே ஒன்றாக உருகிய பிறகு எது எங்கிருந்து வந்தது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. எனவே கண்காணிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த வாசலுக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

சட்டம் வந்தது, பட்டினியும் வந்தது

2010 ஜூலையில் அமெரிக்காவில் டாட்-ஃபிராங்க் சட்டம் கையெழுத்தானது. நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. அதன் 1502ஆம் பிரிவு காங்கோவைப் பற்றியது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் பொருளில் உள்ள நான்கு கனிமங்களும் காங்கோவிலிருந்தோ அதன் அண்டை நாடுகளிலிருந்தோ வந்தவையா என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும். வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

ஆனால் விசாரிப்பதைவிட விலகிப்போவது எளிது. பல நிறுவனங்கள் அந்த வட்டாரத்திலிருந்தே வாங்குவதை நிறுத்தின. அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அதிபர் ஜோசப் கபிலா கிழக்கு மாகாணங்களில் கைமுறைச் சுரங்கத்தையே தடை செய்தார். 2011 மார்ச்சில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் தோண்டியவர்களுக்குக் கூலி இல்லை, சந்தையில் வியாபாரம் இல்லை, பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை. அந்த மலைகளுக்கு வந்துபோன சின்ன விமானங்களும் லாரிகளும் நின்றதால் மருந்தும் உப்பும்கூட வரத்து குறைந்தது. சட்டம் குறிவைத்த சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு கூடியதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பலர் தங்கத்துக்கு மாறினார்கள். சிலர் ஊர்களைக் கொள்ளையடித்தார்கள்.

இந்த இடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நல்லெண்ணத்தோடுதான் சட்டம் போட்டார்கள். அதைக் கேட்டு வாதாடியவர்களில் காங்கோ மக்களும் இருந்தார்கள். குழியை நம்பி இருந்தவருக்கு வேறு வழி காட்டாமல் குழியின் வாசலில் பூட்டுப் போட்டால், பூட்டின் கனம் முதலில் அவர் வயிற்றில்தான் இறங்கும்.

பிறகு நிலைமை கொஞ்சம் சீரானது. குழியிலேயே மூட்டைக்கு எண்ணிட்ட சீட்டுக் கட்டும் முறை வந்தது. தகரம், டான்டலம், டங்ஸ்டன் சுரங்கங்கள் பலவற்றில் ஆயுதக்காரர்களின் தலையீடு குறைந்ததாகக் கள ஆய்வுகள் சொல்லின. 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் அமலுக்கு வந்தது. அது மோதல் பகுதி எங்கிருந்தாலும் பொருந்தும். ஆனால் சீட்டு என்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை வேறு மூட்டையில் கட்டலாம், விற்கலாம். ருபாயாவின் தாது எல்லை தாண்டி ருவாண்டாத் தாதுவோடு கலக்கிறது என்று 2024இல் ஐ.நா. நிபுணர்கள் எழுதினார்கள்.

தேவாலாவுக்குத் திரும்பினால்

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரோ ஸ்மித், 1880இல் வயநாட்டுத் தங்கத்தைப் பற்றி நம்பிக்கையான அறிக்கை ஒன்று கொடுத்தார். அப்போது நீலகிரி வயநாடு என்பது இன்றைய கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடிப் பகுதி. ஒன்றிரண்டு ஆண்டுகளில் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கு விற்றன. காட்டுக்குள் பங்களாக்கள், எந்திரங்கள், பொறியாளர்கள். சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. நிறுவனங்கள் போய்விட்டன, சுரங்கங்கள் நின்றுவிட்டன. நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாத அளவு தங்கம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வார அரிசிக்குப் போதும்.

இங்கே இன்று சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் யார்? தோட்டக் கூலி போதாதவர்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறி, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்தையே நம்பி, இப்போது அந்த வேலையும் நிச்சயமில்லாமல் நிற்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. தலைமுறைகளாக வாழ்ந்தும் நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் இந்தத் தாலுகாக்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தங்கத்தின் விலை ஏற ஏற, சுரங்கத்தின் இழுப்பும் கூடுகிறது.

சட்டப்படி இவர்களுக்கு வழியே இல்லை. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் தங்கம் எடுப்பது குற்றம். தனி ஆள் ஒருவர் உளியோடு போய் அனுமதி வாங்குவது நடக்கிற காரியமில்லை, அதுவும் வனப்பகுதியில். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. யானைகள் நடக்கும் வழியில் குழி வெட்டுவதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் குற்றவாளி என்று முத்திரை குத்தியதால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இருட்டில் இறங்குகிறார்கள். முட்டுக் கொடுக்க மரம் கொண்டுபோக முடியாது. உள்ளே ஒருவர் மயங்கினால் வெளியே ஓடிவந்து உதவி கேட்கவே தயங்குகிறார்கள். வாங்குகிற வியாபாரி சொன்னதுதான் விலை, ஏனென்றால் வேறு எங்கும் விற்க முடியாது. துப்பாக்கி இல்லாமலேயே பயம் இங்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிலிப்பைன்ஸில் பெங்கெட் மலைக்காரர்கள் பாதரசத்துக்குப் பதில் வெண்காரம் போட்டுத் தங்கத்தை உருக்கப் பழகியிருக்கிறார்கள். பெருவில் சில சுரங்கக் கூட்டுறவுகள் முறையாகப் பதிவு செய்து, சான்றிதழோடு நல்ல விலைக்கு விற்கின்றன. இவையெல்லாம் சிறிய முயற்சிகள். தேவாலாக் காட்டுக்கு இவை அப்படியே பொருந்தாது. இங்கே நிரந்தரத் தோட்ட வேலையும் பட்டாவும் சரியான தேயிலை விலையும்தான் சுரங்கத்தின் வாயை மூடும் என்பது என் எண்ணம். ருபாயாவில் தேவைப்படுவது வேறு: துப்பாக்கி போக வேண்டும், தோண்டுகிறவர் இருக்க வேண்டும்.

நாம் எதைக் கேட்கலாம்

நான்கு கனிமங்களில் கண்ணுக்குத் தப்புவது தங்கம்தான். ஒரு பையில் போட்டு விமானத்தில் ஏறிவிடலாம். கிழக்குக் காங்கோவின் கைமுறைத் தங்கத்தில் பெரும்பகுதி கள்ளத்தனமாக அண்டை நாடுகளுக்குப் போய், அங்கிருந்து துபாய் சேர்கிறது என்று ஐ.நா. அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. உகாண்டாவின் என்டெபேயில் உள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலைமீது, காங்கோவின் மோதல் தங்கத்தை வாங்கியதாகச் சொல்லி, 2022 மார்ச்சில் அமெரிக்கா தடை விதித்தது. உலகிலேயே அதிகம் தங்கம் வாங்கும் நாடுகளில் ஒன்று இந்தியா, இங்கே தங்கம் வரும் முக்கிய வழிகளில் ஒன்று துபாய். மோதல் கனிமங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது.

நகையில் ஹால்மார்க் இருக்கிறதே என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியும் கட்டாயம். பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916, அந்த ஆறு இலக்கம்: இவை சொல்வது தங்கத்தின் தூய்மையையும், அதைச் சோதித்த மையத்தையும் விற்ற கடையையும். எந்த மலையிலிருந்து வந்தது என்பதை எதுவும் சொல்லாது. கடையில் கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்ட கேள்வியைக் கடைக்காரர் தன் சப்ளையரிடம் கேட்பார்.

போன் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கையில் கிடைக்கும். போனை இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்துக்கொள்வதும், பேட்டரியை மாற்றி ஓட்டுவதும் முதல் உதவி. அடுத்து, அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனமானால் ஆண்டுதோறும் மே மாத முடிவுக்குள் ‘ஃபார்ம் எஸ்டி’ என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நிறுவனத்தின் பெயரோடு ‘கான்ஃப்ளிக்ட் மினரல்ஸ் ரிப்போர்ட்’ என்று தேடினால் கிடைக்கும். முன்பக்க வாக்குறுதிகளைத் தாண்டிப் பின்னால் போங்கள். பல நிறுவனங்கள் அங்கே உருக்காலைகளின் பட்டியலை நாடு வாரியாகத் தருகின்றன. எத்தனை ஆலைகள் தணிக்கைக்கு உட்பட்டவை, எத்தனை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன, ஏன் என்று பாருங்கள். காங்கோவிலிருந்து எதையும் வாங்கவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தால் அதை நல்ல பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சரிபார்க்கப்பட்ட குழிகளிலிருந்து தொடர்ந்து வாங்குகிறோம், இப்படி விசாரித்தோம், இன்ன தவறு கண்டோம், இப்படிச் சரிசெய்தோம் என்று எழுதியிருக்கும் அறிக்கையைத் தேடுங்கள்.